மதுரா உடைக்காத முட்டி

எனக்கு நினைவு தெரிந்து எங்கள் ஊர் வாசிகசாலை மைதானம் ஒரேயொரு முறைதான் அமைதியாக இருந்திருக்கிறது.

சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டு விழா. பின்னேரம். வெயில் பனைகளின் தலைக்கு இறங்கியிருந்தது. மைதானத்தின் நடுவே இரண்டு கம்பங்களுக்கு இடையில் கட்டிய கயிற்றில், மஞ்சள் தண்ணீர் நிரப்பிய மண்முட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் பொல்லுத்தடியோடு மதுரா நின்றாள்.

ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. ஐஸ்கிறீம் வான்காரர்கூடத் தன் பாட்டை நிறுத்திவிட்டார். எங்கோ ஒரு குழந்தை அழத் தொடங்க, தாய் அதைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைப் பாதைப் பக்கம் ஓடினாள். என்னுடைய ஒலிபெருக்கியும் பனையில் சும்மா தொங்கியது. மீசை முளைத்த நாளிலிருந்து கோயில் திருவிழா, கலியாண வீடு, விளையாட்டுப் போட்டி என்று மைக்கும் வயரும் தூக்கித் திரிகிறவன் நான். எனக்கு அமைதி என்றால் எங்கோ வயர் கழன்றுவிட்டது என்றுதான் அர்த்தம்.

மதுரா பொல்லை மெல்லக் கீழே இறக்கினாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

அவள் என்ன சொன்னாள் என்பதைச் சொல்வதற்கு முன், அந்த அமைதி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். என் ஒலிபெருக்கிக்குள் குளவி கூடு கட்டிய கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர், "உங்களுக்கு ஒரு கதையை நேரே சொல்லவே தெரியாதா?" என்று கேட்டிருந்தார். தெரியாது. அதிலும் இது முட்டி உடைக்கிற கதை. கண்ணைக் கட்டியவன் நேரே போனதை யாராவது கண்டிருக்கிறீர்களா?

ஊர் முழுக்கப் பொய்

முட்டி உடைத்தல் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். போட்டியாளரின் கண்ணைக் கட்டி, கையில் பொல்லைக் கொடுத்து, நின்ற இடத்தில் நன்றாகச் சுற்றிவிடுவார்கள். அவர் தட்டுத்தடுமாறிப் போய்த் தொங்கும் முட்டியை அடித்து உடைக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே அடிதான்.

இது விதி. விளையாட்டு வேறு. சுற்றி நிற்கிற சனம் "இடப்பக்கம்!", "வலப்பக்கம்!", "இன்னும் முன்னுக்கு!" என்று கத்தும். அதில் பெரும்பாலானது பொய். பெற்ற தாய் தகப்பனே பொய் சொல்வார்கள். கோயிலில் பூசை செய்கிற ஐயர் ஒருமுறை வேலியோரம் நின்று "நேரே போ தம்பி" என்று கூவி, ஒரு அப்பாவியைக் கிடுகு வேலிக்குள் அனுப்பியதை நான் என் கண்ணால் கண்டேன்.

முட்டிக்குள் என்ன இருக்கும் என்பதும் ஒரு சுவாரசியம். வழக்கமாக மஞ்சள் தண்ணீர். சில வருடம் கோதுமை மா. ஒரு வருடம் யாரோ ஒரு புண்ணியவான் மாமரத்து முசுறுக் கூட்டைப் போட்டு வைத்திருந்தான். உடைத்தவன் பரிசை வாங்காமலே கிணற்றடிக்கு ஓடினான். அந்தச் சிவப்பு எறும்புகள் என் மைக்கையும் விட்டுவைக்கவில்லை. அன்றைய மிச்ச நிகழ்ச்சிகளை நான் சொறிந்துகொண்டே அறிவித்தேன்.

தெல்லிப்பழைக்கும் கீரிமலைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர் யுத்தத்தில் பல காலம் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்தபோது மைதானத்தில் ஆள் உயரத்துக்குப் பற்றை. அதை வெட்டித் துப்புரவாக்கிய பின் வந்த முதல் சித்திரையில் எங்களிடம் கூரை போட்ட வாசிகசாலை இல்லை, கதிரை இல்லை, கொட்டகை இல்லை. ஆனாலும் முட்டி கட்டினோம். தறப்பாள் வீடுகளிலிருந்து வந்த சனம் அன்றைக்குச் சொன்ன பொய்கள் இன்னும் என் காதில் நிற்கின்றன. ஊர் திரும்பிவிட்டது என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

பேசின்கள்

மதுராவுக்குப் பிறப்பிலிருந்தே பார்வை இல்லை. வெளியூரில் விடுதியில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருவாள். நல்ல குரல். எங்கள் விளையாட்டு விழா அவள் பாடும் தேவாரத்தோடுதான் தொடங்கும். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் தொண்டை அது. அவள் பாடும்போது நான் சத்தத்தைக் குறைத்து வைப்பேன்.

தேவாரம் முடிந்ததும் அவளைக் கொண்டுபோய் முன்வரிசையில் தாய் பவானிக்குப் பக்கத்தில் இருத்திவிடுவோம். பிறகு விழா முடியும் வரை அவளுக்கு வேலை இல்லை. தலையணைச் சண்டை, சங்கீதக் கதிரை, கயிறிழுத்தல் எல்லாவற்றையும் காதால் கேட்டுக்கொண்டு இருப்பாள். "இப்ப ஆர் விழுந்தது?" என்று தாயைக் கேட்பாள். பவானி சொல்வாள்.

கடைசியில் பரிசளிப்பு நடக்கும்போது எங்கள் வாசிகசாலைத் தலைவர் எழும்புவார். ஓய்வுபெற்ற தபாலதிபர். இளகின மனிதர், கலியாண வீட்டிலேயே அழுதுவிடுவார். "எங்கடை அன்புப் பிள்ளை மதுராவுக்கு ஒரு விசேட பரிசு" என்று அவர் குரல் தழுதழுக்கச் சொல்ல, மினுங்குகிற கடதாசி சுற்றிய ஒரு அலுமினியப் பேசினை மதுராவின் கையில் கொடுப்பார்கள். சனம் கை தட்டும். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். வருடா வருடம் இதுதான். எப்போதும் பேசின்தான்.

"எங்கடை வீட்டிலை இருக்கிற பேசினுகளை வைச்சு ஒரு கலியாண வீட்டுக்கே சமைக்கலாம் மாமா" என்று மதுரா ஒருமுறை என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்பதான் எழும்புறது?"

அந்த வருடம் நான் வாசிகசாலையில் இருந்து போட்டிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். தாயும் மகளும் வந்தார்கள்.

"மாமா, முட்டி உடைக்கிறதுக்கு என்ரை பேரையும் போடுங்கோ" என்றாள் மதுரா.

பவானி பதறிப்போனாள். "உவள் பகிடிக்குச் சொல்லுறாள் அண்ணை. தேவாரத்துக்கு மட்டும் எழுதுங்கோ. விழுந்து பல்லை உடைச்சால் ஆர் பொறுப்பு?"

"பகிடி இல்லை அம்மா. எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடுற விளையாட்டு உதொண்டுதான். அதுக்கும் நான் கதிரையிலை இருக்கிறதெண்டால், எப்பதான் எழும்புறது?"

இத்தனை வருடம் முட்டி உடைத்தலுக்கு மைக் பிடித்திருக்கிறேன். இந்த யோசனை எனக்கு வரவில்லை. தலைவருக்கு வரவில்லை. ஊரில் ஒருவருக்குமே வரவில்லை. நான் பேனையை எடுத்துப் பெயரை எழுதிவிட்டேன்.

செய்தி பரவியது. அன்று மாலையே கஜன் வந்து நின்றான். லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வெங்காய மூட்டை ஏற்றும் பொடியன், வாட்டசாட்டமானவன். முட்டி உடைத்தலில் விடாமல் வென்று வருகிறவன். துணிக்கு அடியால் மூக்கு வழியே களவாகப் பார்த்துத்தான் வெல்கிறான் என்பது ஊர் அறிந்த ரகசியம். பிடிக்கத்தான் முடியவில்லை.

"உது நியாயமில்லை அண்ணை" என்றான் கஜன். தலைவரும் நானும் இருந்தோம். "எங்களுக்குக் கண்ணைக் கட்டினால் எது கிழக்கு எது மேற்கு எண்டு விளங்காது. அவவுக்கு உது நெடுகப் பழக்கம். தோணிப் போட்டிக்குக் கடற்தொழில்காரனை விட்ட மாதிரி எல்லே?"

"டேய், நீ ஒரு மனிசனே?" என்று தலைவர் எழும்பிவிட்டார். "அந்தப் பிள்ளையோடை போட்டிக்கு நிக்கிறியே!"

அப்போது வெளிவாசலில் ஒரு சிரிப்புச் சத்தம். மதுரா. நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த தாயோடு வந்து நின்றவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அழப்போகிறாள் என்று நான் பயந்தேன். அவளோ தாயின் கையைப் பிடித்துக் குதித்தாள்.

"அம்மா, கேட்டியளே! கஜன் அண்ணை எனக்குப் பயப்பிடுறார்!"

அவளை எல்லாரும் மெச்சியிருக்கிறார்கள், அவளுக்காகக் கண் கலங்கியிருக்கிறார்கள். ஆனால் "இவள் வந்தால் நான் தோற்றுவிடுவேன்" என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை எந்தப் பேசினும் கொண்டுவந்ததில்லை.

தலைவர் யோசித்தார். "சரி, பிள்ளை ஆசைப்படுது. ஒரு அடி அடிச்சிட்டுப் போகட்டும்."

"அவ வெண்டால்?" என்றான் கஜன்.

"வெண்டால் வெண்டதுதான்."

தோற்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வருடமும் ஒரு பேசினை வாங்கிக் கடதாசி சுற்றி வைத்தார்.

செத்த வீடு

விழா நாள். முட்டிக்கு முயன்ற பலரும் தோற்றுப்போனார்கள். ஒருவன் கம்பத்தை அடித்தான். இன்னொருவன் சர்பத் வாளிப் பக்கம் போய்விட்டான். சனம் தொண்டை கிழியப் பொய் சொன்னது. பிறகு நான் மதுராவின் பெயரைக் கூப்பிட்டேன்.

முதல் சிக்கல், கண்ணைக் கட்டுவதா விடுவதா என்பது. துணியை வைத்திருந்த தலைவர் அவள் முன் வந்து தயங்கி நின்றார்.

"கட்டுங்கோ ஐயா" என்றாள் மதுரா. "பிறகு நான் களவாப் பாத்தனான் எண்டு கஜன் அண்ணை சொல்லுவார்."

மைதானம் கொல்லென்று சிரித்தது. கஜன் காதுவரை சிவந்துபோய்த் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தலைவர் துணியைக் கட்டினார். அவளை மெதுவாக, சாமிப் படத்தைத் திருப்பி வைப்பதுபோலச் சுற்றினார்.

"வடிவாச் சுத்துங்கோ ஐயா. மற்றவையைச் சுத்தின மாதிரி."

சுற்றினார். அதோடு விட்டிருந்தால் நல்லது. மனிதர் நேரே என்னிடம் வந்து மைக்கை வாங்கினார். "அன்பான ஊரவர்களே, எங்கடை பிள்ளைக்கு இடைஞ்சல் இல்லாமல் எல்லாரும் தயவுசெய்து அமைதியா இருங்கோ" என்றார். பாட்டையும் நிறுத்தச் சொல்லி எனக்குக் கை காட்டினார். மனமில்லாமல் நிறுத்தினேன். அப்படித்தான் வந்தது அந்த அமைதி.

மதுரா பொல்லை இறக்கினாள்.

"ஏன் ஒருதரும் கத்தேல்லை? இதென்ன, செத்த வீடே?"

என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"மாமா, உங்கடை ஸ்பீக்கரை ஏன் நிப்பாட்டினியள்? அது எந்தப் பக்கம் எண்டதைத்தான் நான் பிடிச்சு வைச்சிருந்தனான். அதையும் பறிச்சுப்போட்டியள்." பிறகு சனத்தின் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் உடைந்தது. "முன்னுக்கு வந்த எல்லாருக்கும் பொய் சொன்னியள். எனக்கும் சொல்லுங்கோ."

நான் பாட்டைத் திரும்பப் போட்டேன். ஆனால் சனம் வாய் திறக்கவில்லை. ஐயரையே பொய் சொல்ல வைத்த ஊர். கண் தெரியாத ஒரு பிள்ளைக்கு வழியைப் பிழையாகச் சொல்ல அதற்கு நா எழவில்லை. பொடியள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மதுரா காத்துக்கொண்டு நின்றாள். பொல்லைப் பிடித்த கை தளர்வதை நான் கண்டேன். இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தால் பொல்லைப் போட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்திருப்பாள். அதற்குப் பிறகு எந்த வருடமும் எழும்பியிருக்க மாட்டாள்.

அப்போது முன்வரிசையில் பவானி எழும்பினாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து "கல்லு", "படி", "பள்ளம்", "மாடு நிக்குது, இஞ்சாலை வா" என்று சொல்லிச் சொல்லியே காலம் தள்ளியவள் அவள். அதில் ஒரு சொல்லுத் தவறினால் பிள்ளையின் முழங்கால் கிழியும்.

முட்டி மதுராவுக்கு வலப்பக்கத்தில் தொங்கியது.

"இடப்பக்கம், பிள்ளை!" என்று கத்தினாள் பவானி. "இன்னும் இடப்பக்கம் போ!"

நான் மைக்கை என் வாயிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மதுரா குரல் வந்த பக்கம் காதைத் திருப்பினாள். பிறகு அந்தக் கறுப்புத் துணிக்குக் கீழே வாய் முழுக்கச் சிரிப்பு விரிந்தது.

"அம்மா பொய் சொல்லுறா!" என்று கூவினாள். "குரல் நடுங்குது! அம்மாவுக்குப் பொய் சொல்லவே தெரியாது!"

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. "பின்னுக்கு!" "முன்னுக்கு!" "கோயில் பக்கம் திரும்பு!" "குனி, குனி!" என்று ஊர் முழுக்கக் கத்தியது. குழந்தைகள் கத்தினார்கள். ஐயர் கத்தினார். நானும் ஒலிபெருக்கியில் என் பங்குக்கு இரண்டு பொய்யை எடுத்துவிட்டேன். மதுரா உண்மையிலேயே குழம்பிப்போனாள். பொல்லை ஓங்கிக்கொண்டு ஐஸ்கிறீம் வான் பக்கம் போக, வான்காரர் குதித்து இறங்கி ஓடினார். நின்றாள். தலையைச் சரித்து, பனையில் பாடிய ஒலிபெருக்கியை ஒருமுறை காதால் பார்த்தாள். திரும்பி வந்தாள். ஓங்கி ஒரு அடி போட்டாள்.

பொல்லு முட்டியின் பக்கத்தை உரசியது. முட்டி ஊஞ்சலாடிச் சரிந்து, மஞ்சள் தண்ணீரில் பாதியை அவள் தலையில் கொட்டிவிட்டுப் பழையபடி நிமிர்ந்து தொங்கியது. உடையவில்லை.

ஆறுதல் பரிசு

சத்தம் சட்டென்று தணிந்தது. தலைவர் கடதாசி சுற்றிய பேசினோடு என்னிடம் ஓடிவந்தார். நான் மைக்கைக் கையால் பொத்தினேன்.

"தம்பி, அறிவியும். மதுராவுக்கு விசேட பரிசு."

"முட்டி உடையேல்லை ஐயா."

"தொட்டதுதானே? உடைஞ்ச மாதிரித்தான். பிள்ளையின்ரை மனம் நோகப்போகுது."

நான் பிள்ளையைப் பார்த்தேன். துணியைத் தானே அவிழ்த்துவிட்டுத் தலைமயிரைப் பிழிந்துகொண்டிருந்தாள். "உடைஞ்சதோ?" என்று பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளைகளைக் கேட்டாள். "இல்லையக்கா, அருந்தப்பிலை பிழைச்சுப்போச்சு!" என்று அதுகள் கத்தின. "ஐயோ!" என்று காலைத் தரையில் உதைத்தாள். ஒரு போட்டியில் தோற்ற ஆள் உதைக்கிற அதே உதை.

எனக்கு வேறு யோசனை வரவில்லை. கையை எடுத்தேன்.

"முட்டி உடையவில்லை! மதுரா தோற்றுவிட்டார்! அடுத்த போட்டியாளர், கஜன்!"

மதுரா இரண்டு கையையும் மேலே தூக்கினாள். தோற்றதற்குக் கை தூக்கிய ஆளை நான் அன்றைக்குத்தான் கண்டேன். சனம் கை தட்டியது. ஒருவரும் கண்ணைத் துடைக்கவில்லை. "அடுத்த முறை வான்காரருக்குத் தலைக்கவசம் வாங்கிக் குடுங்கோ" என்று பின்னாலிருந்து ஒரு பகிடி வந்தது. தலைவர் முகம் கோணியபடி பேசினைப் பரிசு மேசையில் திரும்ப வைத்தார்.

கஜன் வந்தான். தலைவர் துணியோடு போக, மதுரா கையை நீட்டினாள். "தாங்கோ ஐயா. கஜன் அண்ணைக்கு நான் கட்டுறன்."

கட்டினாள். புருவத்திலிருந்து மூக்கின் நுனி வரைக்கும் இழுத்து, விரலால் தடவித் தடவி ஓட்டை பார்த்து, இறுக்கி முடிந்தாள். கஜனுடைய வாழ்க்கையில் முதல் முறையாக அன்றைக்குத்தான் இருட்டு.

அவனைச் சுற்றிவிட்டார்கள். மதுரா தாய்க்குப் பக்கத்தில் போய் இருந்தாள். சனம் கத்தத் தொடங்கியது. கஜன் எங்கே போவதென்று தெரியாமல் அந்தரப்பட்டான். அப்போது அத்தனை சத்தத்துக்கும் மேலாலே அந்தத் தேவாரக் குரல் எழும்பியது.

"கஜன் அண்ணை! வலப்பக்கம் திரும்புங்கோ! ஓம், அப்பிடியே நேரே! இன்னும் கொஞ்சம்! இப்ப அடியுங்கோ!"

ஊரில் யாரை நம்பாவிட்டாலும் அந்தக் குரலை நம்பலாம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். திரும்பினான். விறுவிறென்று நடந்தான். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி அடித்தான்.

"டங்!"

பரிசு மேசை ஆடியது. கஜன் துணியை இழுத்து அவிழ்த்துப் பார்த்தான். மினுங்குகிற கடதாசி கிழிந்து, நடுவில் நல்ல பள்ளம் விழுந்து, பேசின் அவன் முன்னால் கிடந்தது.

"எடி மதுரா! நீ சொன்னபடியால்தானே இஞ்சாலை வந்தனான்!" என்று கத்தினான். கத்திய பிறகுதான், தான் யாரிடம் வழி கேட்டு நடந்தோம் என்பது அவனுக்கு விளங்கியது. தலையில் கையை வைத்துக்கொண்டு அவனே சிரிக்கத் தொடங்கினான்.

மதுரா தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, எங்கை போய் அடிச்சவர்?"

"உன்ரை பேசினுக்கடி, பிள்ளை" என்றாள் பவானி. அதற்குமேல் அவளால் கதைக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

அந்த வருடம் முட்டியை ஒருவரும் உடைக்கவில்லை. பரிசளிப்பில் தலைவர் எழும்பினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பள்ளம் விழுந்த பேசினைத் தூக்கிக் கஜனின் கையில் கொடுத்தார். "ஆறுதல் பரிசு" என்று நான் அறிவித்தேன். அவன் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். வீட்டில் அவன் தாய் இன்றைக்கும் அதில்தான் மாட்டுக்குத் தவிடு கரைக்கிறாள்.

சனம் கலைந்தது. நான் பனையிலிருந்து வயரை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். தாயும் மகளும் என்னைத் தாண்டிப் போனார்கள். மதுராவின் சட்டை முழுக்க மஞ்சள். ஒரு கையில் வெள்ளைப் பிரம்பு, மற்றக் கை வெறுங்கை. விளையாட்டு விழா முடிந்து அவள் பரிசு இல்லாமல் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

ஒழுங்கை முடக்கில் பவானி வழக்கம்போலச் சொன்னாள்.

"இடப்பக்கம் கல்லுக் கிடக்கு. பாத்து வா, பிள்ளை."

மதுரா நின்றாள்.

"உண்மையாவோ, அம்மா?"